பம்புக் காசில் வாங்கிய புலித்தோல்

கண்ணுக்குத் தெரியாத சாமானுக்குக் காசு கொடுக்க எனக்குக் கை வராது. சட்டை வாங்கினால் ஊர் பார்க்கும். சங்கிலி வாங்கினால் பெண்டாட்டி பார்ப்பாள். காருக்குள்ளே, மூடிக்கு அடியிலே, கரி பிடித்த இருட்டிலே சுற்றுகிற ஒரு பம்பை யார் பார்க்கப் போகிறார்கள்? அப்போது இப்படித்தான் நினைத்தேன். இந்த நினைப்பால் என் மாமனார் பாதி உடம்பு உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சுடுகாட்டுக்குப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவாக்கில் திருநெல்வேலி ஜங்ஷனில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தக் கார்தான். மூன்று பேர் ஓட்டிச் சலித்த பிறகு என் கைக்கு வந்த சின்ன வெள்ளைக் கார். (வெள்ளை என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்தது.) ஸ்டாண்டில் மற்றதெல்லாம் பெரிய உருவம். நடுவில் என் கார் நிற்கும்போது பெரியவர்கள் பேச்சில் சின்னப்பயல் புகுந்ததுபோல் இருக்கும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வாயும் அதிகம் கிடையாது. அந்தக் கார் ஒன்றுதான் பெருமை.

ஒருநாள் ஓட்டத்தில் ஒரு மாதிரி சத்தம் கேட்டு, மெக்கானிக் அந்தோணியிடம் விட்டேன். மூடியைக் கழற்றி டைமிங் பெல்ட்டைக் காட்டினான். பல் பல்லாக இருக்கிற ரப்பர் பட்டை. எஞ்சினுக்குள் மேலே நடப்பதையும் கீழே நடப்பதையும் சேர்த்துக் கட்டி வைப்பது அதுதான். அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். நாலைந்து பல்லைக் காணோம். கண்ணால் பார்த்துவிட்டதால் சரி என்றேன். அதோடு அவன் விடவில்லை.

“அண்ணாச்சி, வாட்டர் பம்பையும் சேத்து மாத்திருவோம்.”

“அதுக்கென்ன கேடு?”

விரலால் அசைத்துக் காட்டினான். “லேசா ஆட்டம் இருக்கு.”

“இந்தக் காருல எது ஆடல? கதவு ஆடுது, கண்ணாடி ஆடுது. எல்லாத்தையுமா மாத்துதோம்?”

உளுந்த வடையைத் தின்றுகொண்டே விளக்கினான். எஞ்சின் கொதிக்காமல் தண்ணீரைச் சுற்ற விடுகிற அந்தப் பம்பைத் தொட வேண்டுமென்றால் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். இப்போது கழற்றித்தான் கிடக்கிறது. இப்போதே மாத்தினால் ஒரே கூலி. பிறகு மாத்தினால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், மறுபடி கூலி. சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முந்தின தடவை, குப்பை அடைத்துக் கிடந்த கார்பரேட்டரைச் செத்துப்போனது என்று சொல்லி எனக்குப் புதுசு வாங்க வைத்தவனும் இவன்தான். மெக்கானிக் ‘சேத்து’ என்று சொன்னால் டிரைவர் சட்டைப் பையைப் பொத்திக்கொள்வது ஸ்டாண்டில் எங்கள் வழக்கம்.

பொத்திக்கொண்டேன். பெல்ட்டை மட்டும் மாத்தச் சொன்னேன்.

பம்பு விலை ஐந்நூற்றுச் சொச்சம். செலவழியாத அந்தக் காசு பையில் கிடந்து உறுத்தியது. அந்த வாரமே சீட்டுக்கு உறை வாங்கினேன். மஞ்சளில் கறுப்பு வரி, புலித்தோல் மாதிரி. இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. ஸ்டாண்டில் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். “ஏலே, எத்தன புலிய அடிச்ச?” என்று கேட்டார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. என் பெண்டாட்டி கனி மட்டும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதென்ன, ஆளு ஏறுததுக்கா, ஆடு பயப்படுததுக்கா?” என்றாள்.

கனியின் ஊர் சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். செம்மணல், பனை, உடைமரம். கிணற்றில் உப்புத் தண்ணீர். மாமனார் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தில், ஆற்றங்கரையில். கட்டின பெண்ணுக்கு நிலம் இருக்கிறதென்று தேரிக்குப் போனவர், வாழ்நாள் பூராவும் அந்தத் தண்ணீரை வைதுகொண்டே குடித்தார். குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு நாளும் சொல்வார், கருவாடு மாதிரி ஆக்கிட்டானுவ என்று.

என்னோடு அவர் அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. பெல்ட் மாத்தின பிறகு ஒருதடவை கனியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கார் நின்ற இடத்தில் மணல் நனைந்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

“மாப்ள, வண்டி மோண்டு வச்சிருக்கே.”

“ஏ.சி. தண்ணி மாமா.”

கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். “ஏ.சி. இருக்கா?”

“இல்ல.”

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலம் போய்ச் சேர்ந்தார். நாங்கள் போய் இறங்கியதும் கனி அழுதாள். அழுது முடித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை.

“என்ன உப்புத் தண்ணில குளிப்பாட்டி அனுப்பிராதீங்கன்னு அப்பா எங்கிட்டதான் சொன்னாவ. ஆத்துல இருந்து எடுத்துட்டு வந்துருங்க. பொழுது அடையதுக்குள்ள வந்தாப் போதும். ஒங்க கிட்டதான கார் இருக்கு.”

எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்ட மகன்மார் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்கள். நீர்மாலை என்பது இதைத்தான். போகிறவர்கள் தலை முழுகி, ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் வைத்து வர வேண்டும். எடுத்த குடத்தை வழியில் தரையில் இறக்கக்கூடாது. வழக்கமாக ஊர்க் கிணற்றுக்கு நடந்து போய் வருவார்கள். காரில் போன நீர்மாலை எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல். (கடைசியும்.)

என்னோடு வந்தது மூன்று பேர். பெரிய மச்சான், சின்ன மச்சான், மாமனாரின் தம்பி தங்கமுத்துச் சித்தப்பா. ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி முழுகினார்கள். ஆளுக்கொரு குடத்தை நிறைத்துப் பூச்சுற்றி, தண்ணீர் சொட்டச் சொட்டக் காருக்கு வந்தார்கள். வேட்டியைப் பிழிந்துவிட்டு ஏறுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாவு வீட்டுக்காரர்களிடம் சீட் உறையைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்று மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

தோளில் குடம் வைத்து உட்கார என் காரில் உயரம் இல்லை. மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். கார் குலுங்கும்போதெல்லாம் குடம் தளும்பியது.

வாழைத்தோட்டம் தாண்டி வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் மேலே போய்விட்டது. அங்கேயே நிறுத்தி வாய்க்காலில் மொண்டு ஊற்றியிருக்கலாம். ஊற்றினால் ஏன் என்று கேட்பார்கள். பம்பு என்று சொல்ல வேண்டும். அப்புறம் இந்தப் புலி எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். சாவுக்குப் போகிற வழியில் இதெல்லாம் வேண்டாம் என்று ஓட்டினேன். முள்ளை யாரும் பார்க்காதபடி துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன். (நானும் பார்க்க வேண்டாமே.)

வாழை முடிந்து மண் சிவக்க ஆரம்பித்த இடத்தில், முன்னாலிருந்து பொங்கலுக்கு வைத்த பானை மாதிரி ஆவி வந்தது. நிறுத்தினேன்.

ஒரு வீடு கிடையாது. கிணறு கிடையாது. பனைமரம் மட்டும் நின்றது. மூன்று பேரும் இறங்கிக் குடத்தைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு ரோட்டு ஓரத்தில் நின்றார்கள். மூடியைத் தூக்கிக் குனிந்தேன். பம்பிலிருந்து ஒழுகி ஒழுகி ஒரு சொட்டும் மிச்சமில்லை.

ஆவி அடங்க நேரமாயிற்று. அதுவரை நான் எஞ்சினைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு நான் குடங்களைப் பார்த்தேன்.

“மச்சான், ஒரு குடம்...” என்றேன்.

சித்தப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. “இது எங்க அண்ணனுக்கு எடுத்ததுவே. ஒம்ம காருக்கா எடுத்தோம்?”

பெரிய மச்சான் நியாயஸ்தர். பொழுதைப் பார்த்தார். ஒன்றைக் கொடுத்தால் இரண்டு போய்ச் சேரும், கொடுக்காவிட்டால் மூன்றும் இங்கேயே நிற்கும் என்றார். இளையவன் குடம் போகட்டும் என்று தீர்ப்பானது. சின்ன மச்சான் குடத்தைச் சாய்த்தான். சாய்க்கும்போது அழுதான். “அத்தான், அப்பா மேல ஊத்தணும்னு முங்கி எடுத்தேன்” என்றான். நான் தண்ணீர் உள்ளே போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடத்துக்குக் கார் ரெண்டு வளைவு ஓடியது.

அடுத்தது சித்தப்பாவின் குடம். அவர் அதைக் கொடுக்க நேரம் எடுத்தார். கொடுத்துவிட்டு, “எந் தண்ணி எங்க அண்ணன் மேல விழாமப் போச்சு. நல்லாருவே” என்றார். இன்றைக்கும் அந்த ‘நல்லாருவே’ எனக்குக் காதில் கேட்கிறது. அது வாழ்த்து இல்லை.

அந்தக் குடத்துக்கு ஒரு வளைவுதான். எஞ்சின் உள்ளே இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. சாவியைத் திருகினால் மூச்சு இல்லை. ஒரே நாளில் ரெண்டாவது சாவு.

இறங்கி நின்றோம். பெரிய மச்சான் தோளில் நிறைகுடம். மற்ற ரெண்டு பேர் தோளில் காலிக்குடம். காலிக்குடத்தைக் கீழே இறக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இறக்காமலே நின்றார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு ஒரு மீன் லாரி வந்தது. சரக்கை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குத் திரும்புகிற வண்டி. டிரைவர் நிறுத்தி, “என்ன அண்ணாச்சி, கோயிலுக்குத் தண்ணியா?” என்று கேட்டான்.

“இல்ல. அப்பாவுக்கு” என்றார் பெரிய மச்சான்.

அவன் தலைத்துண்டை அவிழ்த்தான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். ஏறச் சொன்னான். காரை அங்கேயே விட்டுவிட்டு நானும் பின்னால் ஏறினேன். லாரித் தட்டு பூராவும் ஐஸ் உருகி மீன் செதிலோடு கிடந்தது. கால் நிற்கவில்லை. நாலு பேரும் சேர்ந்து அந்த ஒரு குடத்தைக் கட்டிப் பிடித்தோம். அப்படியும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கை தண்ணீர் வெளியே போயிற்று.

ஊர் எல்லையில் மேளக்காரர்களும் சங்கு ஊதுகிறவரும் காத்திருந்தார்கள். வெள்ளைத் துணியை விரித்து நாலு முனையிலும் பிடிக்க ஆள் நின்றார்கள். லாரியிலிருந்து மச்சான்மாரும் சித்தப்பாவும் இறங்கித் துணிக்கு அடியில் நுழைந்து நடந்தார்கள். சங்கு ஊதியவர் பாதியில் நிறுத்தினார்.

பின்னால் நடந்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சீட் உறை சாயம் போகிற சரக்கு. ஈர வேட்டியில் அப்படியே பிடித்திருந்தது. மூன்று பேருக்கும் பின்பக்கம் மஞ்சளில் கறுப்பு வரி. மூன்று புலிகள் குடம் சுமந்து நடப்பதுபோல் இருந்தது.

சாவு வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாதென்று கட்டுப்பாடாக இருந்தார்கள். வாயைத் துணியால் பொத்திக்கொண்டவர்கள் அழுதார்களா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பெரிய மச்சான் மிஞ்சியிருந்த தண்ணீரை அப்பா தலையில் ஊற்றினார். அரைக்குடம் இருந்தது. நெஞ்சு வரை வந்தது. அதற்குக் கீழே ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான்.

கனி சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். என் மேல் மீன் நாற்றம். முகம் திருப்பாமல் மெதுவாகச் சொன்னாள்.

“காலுக்கு வரலியே.”

இதற்கு அவள் என்னை வைதிருக்கலாம்.

நடந்ததெல்லாம் அதற்குள் சித்தப்பா மூலம் மாமியார் காதுக்குப் போய்விட்டது. ஒப்பாரியில் அந்த ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மாரில் அடித்துக்கொண்டு எடுத்தார்:

“ஆத்துத் தண்ணி கேட்டீகளே என் ராசா
அத காரு வந்து குடிச்சிட்டே என் ராசா
புலி மேல ஏறிப் போன பிள்ளைக
மீனு மேல ஏறி வந்தாகளே என் ராசா.”

சுற்றி இருந்த பெண்கள் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின. மாமியாருக்கு அது பாட்டு. அவர் நிசமாகவே அழுதுகொண்டுதான் பாடினார். அதனால்தான் இன்றுவரை யாருக்கும் மறக்கவில்லை.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்தோணியிடம் போனேன். பம்பு உடைந்திருந்தது. புது பெல்ட் நாராகக் கிழிந்திருந்தது. சூட்டில் ஹெட் கேஸ்கெட்டும் போயிருந்தது. எல்லாம் சேர்த்துச் சொன்ன தொகைக்கு அந்தப் பம்பு பத்து வாங்கலாம். நான்தான் சொன்னேனே என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். “சீட் கவரு நல்லாருக்கு அண்ணாச்சி” என்றான்.

அன்றிலிருந்து கனி வீட்டுப் பக்கம் எந்தச் சாவுக்குப் போனாலும், நீர்மாலைக்கு ஆள் புறப்படும்போது யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, “கார் தண்ணி குடிச்சாச்சா?” என்பார். கல்யாணத்தில் ஈரக் கையோடு எவனாவது வேட்டியைத் தொட்டால், “புலி வருது” என்பார்கள். சித்தப்பா சாகும்வரை என் காரில் ஏறவில்லை. அவருக்கு எடுத்த நீர்மாலைக்கு நானும் நடந்துதான் போனேன்.

கனி மட்டும் இந்தப் பேச்சில் சேரமாட்டாள். மற்றவர்கள் சிரித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். போன வருசம் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து தேறியது. ஒரு சாயங்காலம் எங்கள் மகனைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“எனக்கு நீர்மாலை எடுக்கைல ஆத்துக்கு நடந்தே போங்க. ஒங்க அப்பாகிட்ட வண்டி கேட்டுராதீங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பைய நடந்து வாங்க. நான் எங்கயும் போயிரப் போறதில்ல. காலு வரைக்கும் வரணும்” என்றாள்.

மகன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இத்தனை வருசத்தில் அந்த விஷயத்துக்கு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் எழுந்து வெளியே போனேன். இப்போது வேறு கார். குனிந்து அடியில் பார்த்தேன். தரை காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.