உமுவேசி காலி வீடுகள் பாதுகாப்புக் குழு

வீடு கட்டியவர்கள் உலகத்தில் ஏராளம். ஆளில்லாத வீட்டைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த பெருமை மட்டும் நைஜீரியாவில் எங்கள் உமுவேசி ஊர்ச் சங்கத்துக்கே சேரும்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் லாகோஸ், ஹூஸ்டன் என்று போய்ச் சம்பாதித்து, இங்கே மாளிகை கட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் வந்து இருப்பார்கள். மற்ற நாளெல்லாம் பல்லிகள்தான் குடித்தனம்.

நுவாமாகாவின் தம்பி எமேனிகேயும் அப்படித்தான் கட்டினான். "அக்கா, சினாசாவோட கல்யாணம் நம்ம வீட்லதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாயப் பொளக்கணும். வீடு பத்திரம்!" என்று ஹூஸ்டனிலிருந்து போனில் சொல்லிவிட்டான். நுவாமாகாவுக்குத் தன் மகள் கல்யாணமாயிற்றே! பொடியன்கள் கல்லெறிந்துவிட்டால்? நேரே சங்கத்தின் பாதுகாப்புக் குழுவிடம் ஓடினாள்.

குழு உடனே கூடியது. உபசாரத்துக்குக் கோலாக்கொட்டை உடைத்தார்கள், ஆட்டுக்கறி தின்றார்கள், பிறகு கவலைப்பட்டார்கள். செலவு நுவாமாகாவுடையது.

"ஜன்னல் கண்ணாடிய ஏன் உடைக்கிறான்? இருக்கு, உடைக்கிறான்," என்றார் தலைவர் ஒகுடிலி, சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "கழட்டிட்டா?"

"ஆகா!" என்றார் செயலாளர் உசோண்டு.

கண்ணாடிகள் தலைவர் வீட்டுக்குப் போயின. சும்மா சாத்தி வைத்தால் விரிசல் விடுமாம். ஆகவே தலைவர் வீட்டு ஜன்னல்களிலேயே "தற்காலிகமாக" மாட்டப்பட்டன.

அடுத்த வாரம் கதவுகள்.

"தலைவரே, கதவு இல்லாட்டி கண்டவனும் உள்ள வருவானே!" என்றாள் நுவாமாகா.

"வரட்டுமேம்மா. உள்ள என்ன இருக்கப் போகுது?"

சொன்னபடியே செய்தார். சோபா, குழாய்கள், கக்கூஸ் பீங்கான் எல்லாம் தலைவர் வீட்டிலேயே பாதுகாக்கப்பட்டன. ஜெனரேட்டரை ஓட்டாமல் வைத்தால் துருப்பிடிக்கும் என்று தலைவர் தினமும் ராத்திரி அதை ஓட்டி, அந்த வெளிச்சத்தில் கால்பந்து பார்த்தார். பொதுத் தொண்டு என்றால் தூக்கம் கெடத்தானே செய்யும்!

சுவரில் எவனாவது கிறுக்கிவிட்டால்? அதற்கும் வழி கண்டார்கள். 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல', 'இங்கே கிறுக்காதே', 'உத்தரவு: குழு' என்று நாலு சுவரிலும் தாங்களே சிவப்புப் பெயிண்டால் எழுதினார்கள். கிறுக்க வருகிறவனுக்கு இனி ஒரு சாண் இடமில்லை.

கல்யாண நாள் வந்தது. எமேனிகே நேரே விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கினான். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் பனங்கள் குடங்களோடு வந்தார்கள். வரவேற்பறையில் மூன்று ஆடுகள் படுத்திருந்தன.

"சம்பந்தியம்மா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, "வீடு எப்போ கட்டி முடிப்பீங்க?"

சினாசாவின் கண்ணில் நீர் முட்டியது. நுவாமாகா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

"முடிச்சாச்சு சம்பந்தி. கொஞ்சம் தள்ளி இருக்கு. வாங்க!"

மேளம் முழங்க மொத்தக் கூட்டமும் அவள் பின்னால் போனது. தலைவர் தன் வீட்டில் லுங்கியோடு எமேனிகேயின் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"எந்திரிங்க தலைவரே, சம்பந்தி வந்திருக்காங்க."

"ஏய், இது என் வீடும்மா!"

"சுவரு மட்டும் உங்களது. உக்காந்திருக்கிறது எங்க வீட்ல. எந்திரிங்க!"

சம்பந்தியும் கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, தலைவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். ஊர் வழக்கப்படி சினாசா கள்ளுக் குவளையோடு கூட்டத்தில் மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தாள். அவன் குடித்தான், கல்யாணம் முடிந்தது. தலைவருக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒரு தட்டு ஜொலோஃப் சோறும் கொடுத்தார்கள்.

அதிலும் அவர் பெருந்தன்மை பாருங்கள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இந்த ஆண்டு நம் ஊர்க் காலி வீடு எதிலும் ஒரு திருடன்கூட நுழையவில்லை!" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எமேனிகே மட்டும் தட்டவில்லை. அக்காவின் காதருகே குனிந்தான்.

"அக்கா, நம்ம ஊர்ல திருடங்களுக்குச் சங்கம் எதுவும் இருக்கா? அடுத்த வருஷம் வீட்ட அவங்ககிட்டயே ஒப்படைச்சிரலாம். அவங்கன்னா ராத்திரி மட்டுந்தான் வருவாங்க."