ஹாலிங்கர் பிடித்த பிணங்கள்

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை, டன்மோர் மாவட்டச் சந்தையில் பன்றிகளைப் பார்க்க ஆளில்லை. முதல் பரிசு வாங்கிய பன்றிகூட நீல நாடாவோடு அநாதையாகப் படுத்துக் கிடந்தது. ஊர் முழுக்க ஏலக் கொட்டகையில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. பிரைஸ் ஹாலிங்கர் வந்திருந்தார். அமெரிக்காவின் ஐயோவா மாநிலம் முழுவதும் சுற்றிச் சுற்றிப் பிணம் பிடிக்கிற மகான்.

சாதாரணப் பிணமல்ல. வாக்களிக்கும் பிணம்! தேர்தலுக்குத் தேர்தல் இவை கல்லறையிலிருந்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வரிசையில் நின்று வாக்குப் போட்டுவிட்டு, சமர்த்தாகத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கின்றனவாம். பார்க்கும் கண் ஹாலிங்கர் ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது. டன்மோரில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. பட்டியல் ஒரு சிவப்புக் கோப்பில் இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் அதைத் தூக்குவார், ஆட்டுவார், நெஞ்சோடு அணைப்பார். திறந்து மட்டும் காட்ட மாட்டார். வாசலில் 'பிணம் பிடிக்கும் படை' என்று எழுதிய தொப்பி முப்பது டாலருக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. டன்மோரில் பத்துக்கு எட்டுப் பேர் பழமைவாதக் கட்சிக்காரர்கள். ஹாலிங்கரும் அந்தக் கட்சி. தேர்தலை நடத்தும் அதிகாரியும் அங்கே கட்சி சார்பில் ஜெயித்து வருபவர்தான்; அந்த நோரீன் பாஷும் அதே கட்சி. போன முறை ஜெயித்ததும் அவர்களேதான். அப்படியானால் பிணங்கள் யாருக்கு வாக்குப் போட்டன? யாரும் கேட்கவில்லை. கேட்டால் தேசபக்தி குறைந்துவிடும்.

முதல் வரிசையில், புதுத் தொப்பியோடு, வெர்லின் டீட்ஸ் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தொன்று. மக்காச்சோளமும் பன்றியும் அவர் பிழைப்பு. ஒரு குட்டி வாங்குவதற்குள் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், வாலைத் தூக்கியும் பார்ப்பார். ஹாலிங்கர் சொன்னதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்க வேண்டுமென்றால் உள்ளூர் வாக்காளர் ஒருவர் புகாரில் கையெழுத்திட வேண்டும். போன மாதம் ஹாலிங்கரின் ஆட்கள் காகிதக் கட்டோடு வந்தபோது, டிராக்டர் டயரின் மேல் வைத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் வெர்லின்தான். முந்திய பக்கங்களை அவர் புரட்டவில்லை.

நோரீன் வேறு யாருமல்ல, அவர் மனைவியின் தங்கை. பத்தொன்பது வருடமாக நேர்மையாகத் தேர்தல் நடத்தியவள். இப்போது அவள் கார்க் கண்ணாடியை எவனோ கல்லால் அடித்து உடைத்திருந்தான். கடையில் அவளைப் பார்த்தால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பினார்கள். வெர்லின் அவளோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை நிறுத்தி ஒரு மாதமாயிற்று. அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் பிணங்களை உள்ளே விட்டவளோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

"எத்தனை பிணம்?" என்று கத்தினார் ஹாலிங்கர்.

"இருநூத்திப் பன்னெண்டு!"

"கதவைத் தொறந்து விட்டது யாரு?"

"நோரீன்! அவளைத் தூக்கி உள்ள போடு!"

அப்போது நோரீனே நடந்து வந்தாள். ஊளைச் சத்தம் கூரையைத் தூக்கியது. அவள் நேராக மேடைக்கு ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"ஹாலிங்கர் சார், நீங்க குடுத்த புகாருக்கு திங்கக்கிழமைதான் கெடு. அதுக்குள்ள யாரும் மறுக்கலேன்னா எல்லாப் பேரையும் நான் வோட்டர் லிஸ்ட்லேர்ந்து அடிச்சாகணும். எல்லாருக்கும் லெட்டர் போட்டேன். ஒரு பதில்கூட வரல."

எப்படி வரும்? அவள் அலுவலகத்துக் கடிதம் வந்தால் பிரிக்காமல் எரித்துவிடுங்கள் என்று ஹாலிங்கர்தான் அருள்வாக்குச் சொல்லியிருந்தாரே. வெர்லினும் தனக்கு வந்ததை எரித்திருந்தார்.

"அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த லிஸ்ட்டை இங்கயே படிங்க. செத்தவங்க கை தூக்க மாட்டாங்க இல்ல?"

"வக்கீல் படிக்கக் கூடாதுன்னுட்டாரும்மா" என்றார் ஹாலிங்கர். "ரகசிய விசாரணை."

வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினார்: "சும்மா படிங்க சார்! இவ மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்!"

கூட்டம் பிடித்துக்கொண்டது. "படி! படி!" பக்தர்களே கேட்டால் மகான் என்ன செய்வார்? கோப்பைத் திறந்தார்.

"எமில் ரோடன்!"

"இருக்கேன்" என்றது ஒரு குரல். கையில் குச்சியில் குத்திய பன்றிக்கறியோடு ஒரு குண்டு மனிதர். "எங்கப்பா பேரும் அதான். அவரு போயி ஆறு வருஷமாச்சு."

"ஒண்ணு ரெண்டு தப்பாகும்... லாயிட் ஹென்ஸ்லி!"

"இங்க!"

ஹாலிங்கருக்கு வியர்த்தது. நாலு பக்கம் தள்ளிப் புரட்டினார். "வெர்லின் டீட்ஸ்!"

வெர்லினின் வாய் திறந்தபடியே நின்றது.

அந்த வட்டாரத்தில் மூத்த பையனுக்கு அப்பா பெயரையே வைப்பார்கள். அப்பா இருக்கும்வரை பையன் 'ஜூனியர்'. அப்பாவைப் புதைத்ததும் அந்த 'ஜூனியர்' பட்டத்தையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். ஹாலிங்கரின் ஆட்கள் மரண அறிவிப்புகளை ஒரு பக்கமும் வாக்காளர் பட்டியலை மறுபக்கமும் வைத்து, பெயர் ஒத்துப்போனால் பிணம் என்று எழுதிக்கொண்டார்கள்.

"பொறந்த தேதி பக்கத்துலயே இருக்கு" என்றாள் நோரீன். "அதை மட்டும் பாக்கல."

நாமாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்போம். ஹாலிங்கர் அரசியல்வாதி. ஒரு நொடியில் குரலை உயர்த்தினார்.

"பாத்தீங்களா அநியாயத்தை! செத்தவன் பேர்ல ஆள் வந்து நேருக்கு நேரா நிக்கிறான்! யாருய்யா இந்த ஆளு? இவனை இங்க அனுப்புனது யாரு?"

பாதிக் கூட்டம் கைதட்டியது! வெர்லினின் பக்கத்து நிலத்துக்காரர் கிளென், நாற்பது வருட சிநேகிதர், ஓரடி விலகி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ நெஜமாவே வெர்லின்தானா?"

"அடப்பாவி! உன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவன்டா நான்!"

வெர்லினுக்கு அழுகை முட்டியது, கோபமும் முட்டியது. மேடையேறிக் கோப்பைப் பிடுங்கினார். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து அவரையே பார்த்தது.

"நல்லாப் பாருங்க சார்" என்றாள் நோரீன், ஹாலிங்கரிடம். "புகார் குடுத்தது வெர்லின் டீட்ஸ். செத்துட்டான்னு எழுதியிருக்கதும் அதே வெர்லின் டீட்ஸ். அவரு செத்திருந்தா கையெழுத்து செல்லாது. உசுரோட இருந்தா லிஸ்ட் செல்லாது. ரெண்டுல எது வேணும்?"

ஹாலிங்கர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மாவட்டத்தில் அவசரக் கூட்டம் என்றார். வண்டி கிளப்பிய புழுதி அடங்க வெகு நேரமாயிற்று.

நோரீன் மேடையிலேயே ஒரு மேசை போட்டாள். வெர்லின் தலையைக் குனிந்தபடி முன்னால் போய் நின்றார்.

"உன் கார்க் கண்ணாடி..."

"நீ உடைக்கல வெர்லின்."

"உடைச்சவனுக்குக் கைதட்டினேன்."

உயிரோடிருப்பதாக எழுதித் தரும் படிவத்தை நோரீன் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலத்துக்குள், தாங்கள் சாகவில்லை என்று எழுதிக்கொடுக்க வரிசை சந்தை வாசல்வரை நீண்டுவிட்டது. பாதித் தலைகளில் இன்னும் அந்தத் தொப்பி இருந்தது. வரிசை நடுவிலிருந்து கிளென் பக்கத்து ஆளிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "நம்ம ஊர்லதான் ஏதோ கோளாறு. பக்கத்து மாவட்டத்துல அவரு பிடிச்சதெல்லாம் அசல் பிணம்."

செத்தவர்கள் யோசிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூச்சும் விட்டுக்கொண்டு, வரிசையிலும் நின்றுகொண்டு, யோசிக்க மட்டும் மறுக்கிறவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?