லட்டுவை எடை போட்ட கதை

நாய்க்கு உண்ணி வந்தால், அதைப் பற்றி ஒரு கருத்தும் இல்லாத ஒரே ஜீவன் அந்த நாய்தான். மற்ற எல்லோருக்கும் கருத்து உண்டு. பால்காரருக்கு உண்டு, சிலிண்டர் போட வருகிறவருக்கு உண்டு, வாழ்நாளில் நாயே வளர்க்காத எதிர்வீட்டு அக்காவுக்கு எல்லோரையும்விட அதிகமாக உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் கருத்து இருந்தது. அதனால் என்ன நடந்தது என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நானே சொன்னால் என் பக்க நியாயமும் கொஞ்சம் வெளியே வரும் (வராது என்கிறார் கார்த்தி).

கார்த்தி என் கணவர். ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் குடும்பம். வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் சமையலறையும் மாமா அத்தையின் அறையும், மாடியில் நாங்கள். வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு லட்டுவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். லட்டு நாட்டு நாய். ஒரு காது நிற்கும், ஒரு காது படுத்திருக்கும். கல்லூரி விடுதி வாசலில் குட்டியாகக் கிடைத்தது. மாமா நல்லவர், அத்தை நல்லவர், அதில் குறையே இல்லை. ஆனால் அந்தப் புது வீட்டில், கல்யாணத்துக்கு முந்தைய என்னைத் தெரிந்த ஒரே ஆள் லட்டுதான். மதியத்தில் அது என் பாதத்தின் மேல் மோவாயை வைத்துத் தூங்கும்போதுதான் எனக்கு மூச்சு சீராக வரும்.

மூன்றாவது மாதம் உண்ணி வந்தது. கடையில் புடவை விரித்துக் காட்டுவதற்கு வெள்ளை விரிப்பு போட்ட பெரிய மெத்தை உண்டு. ஒருநாள் காலை மாமா சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினால், விரிப்பின் நடுவில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. மாமா கோபப்பட்டிருந்தால் அழுது சமாளித்திருப்பேன். அவர் சிரித்தார்.

"இன்னொரு வாட்டி இத கடையில பார்த்தன்னா, நாய நம்ம பாலு நெலத்துக்கு அனுப்பிடலாம்மா. படவேட்ல நல்லா காத்தாட கீது. அதுக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றார்.

பாலு, மாமாவின் சித்தப்பா மகன். படவேட்டில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். வியாபாரி சிரித்துக்கொண்டே ஒரு விலை சொன்னால் அதுதான் கடைசி விலை என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

அன்று மாலைக்குள் வீடே வைத்தியசாலை ஆனது. பட்டு வியாபாரக் குடும்பத்துக்குப் பூச்சி என்றால் ஒரே ஒரு பூச்சிதான், புடவையை அரிக்கிற பூச்சி. அதற்கு என்ன செய்வார்களோ அதையே லட்டுவுக்கும் செய்ய ஆரம்பித்தார்கள். அத்தை வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து லட்டுவின் கழுத்தில் கட்டினார். "பீரோவுல இத போட்டா இருபது வருஷம் ஆனாலும் பட்டு அப்டியே இருக்கும்" என்றார் (நாயை யாரும் பீரோவில் வைக்கப்போவதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை). கடையில் புடவை மடித்து, எடை பார்த்து, எல்லாமுமாக இருக்கும் கன்னியப்பன் அண்ணன், "வெயில்ல வுடாதீங்கம்மா. நெழல்ல காத்தாட போடுங்க" என்றார். எதிர்வீட்டு அக்கா சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துக் கொண்டுவந்தார். அது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கார்த்தி தன் பங்குக்கு நாப்தலின் உருண்டையோடு வந்தார். அது நாய்க்கு விஷம் என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த ஒரு வாடிக்கையாளர் எழுந்து நின்றுவிட்டார்.

லட்டு வசம்பு மூட்டையோடு இரண்டு நாள் தும்மியது. உண்ணிகள் சௌக்கியமாக இருந்தன.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இனி யார் பேச்சையும் கேட்பதில்லை, அறிவியல் முறைப்படி நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பவுடர், ஸ்பிரே, பிடரியில் விடுகிற சொட்டு மருந்து, கழுத்துப் பட்டை, மாத்திரை. பவுடர் போட்டால் பட்டில் உதிரும். ஸ்பிரே அடித்தால் வாசனை புடவையில் ஏறும், அப்புறம் முகூர்த்தப் புடவை பூச்சிமருந்து வாடை அடிக்கும். சொட்டு மருந்து எண்ணெய்ப் பதம், லட்டு போய் எதிலாவது முதுகைத் தேய்த்தால் கறை. கழுத்துப் பட்டையை அது கட்டிய அன்றே கடித்துத் தின்றுவிடும். ஆக, பட்டு இருக்கும் வீட்டில் நாய்க்குச் சரியானது மாத்திரைதான் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் அது ஒன்று. அதோடு என் அறிவு தீர்ந்துவிட்டது.

கால்நடை டாக்டரும் மாத்திரையே நல்லது என்றார். லட்டு ஸ்கூட்டரில் ஏறாது என்பதால் நான் மட்டும்தான் போயிருந்தேன்.

"எடை எவ்வளவும்மா?"

"பத்து கிலோ இருக்கும் சார்."

"இருக்கும்னுலாம் எழுதித் தர முடியாதும்மா. பத்துக்குக் கீழன்னா ஒரு மாத்திரை, மேலன்னா வேற மாத்திரை. கம்மியா குடுத்தா உண்ணி சாகாது, அதிகமா குடுத்தா நாய்க்கு ஆகாது. வீட்ல மெஷின் இருக்குதுல்ல? நாயைத் தூக்கிக்கினு ஒரு தரம் நில்லுங்க, தனியா ஒரு தரம் நில்லுங்க. கழிச்சிப் பார்த்து போன் பண்ணுங்க."

இங்கேதான் சிக்கல். வீட்டில் மெஷின் இருந்தது. கல்யாணமான புதிதில் கார்த்தி ஆசையாக வாங்கி வந்தது (மனைவிக்கு எடை மெஷின் பரிசளிக்கும் ஆண்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும்). பெண் பார்க்க வந்த அன்று, பேச்சுவாக்கில் என் எடை ஐம்பத்தெட்டு என்று சொல்லிவைத்திருந்தேன். அது அப்போதே பொய். அதனால் மெஷினை வாங்கிய வாரமே பேட்டரி போய்விட்டது என்று அறிவித்து பீரோவின் மேல் ஏற்றிவிட்டேன். இப்போது அந்தப் பொய்யோடு அத்தையின் மூன்று மாதச் சமையலும் சேர்ந்திருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு நானே பார்க்கலாம் என்றால், நாயைத் தூக்கி வைத்திருக்கும்போது காலடியில் இருக்கும் எண் தெரியாது. யாராவது குனிந்து படித்துச் சொல்லவேண்டும். கார்த்தி தூக்கலாம் என்றால், என்னைத் தவிர யார் தூக்கினாலும் லட்டு கெண்டை மீன் மாதிரித் துள்ளும். எப்படிப் பார்த்தாலும் என் எடை இன்னொருவருக்குத் தெரிந்தே தீரும். தெரிந்தால் என்ன, தலையா போய்விடும் என்று இப்போது கேட்கிறேன். இருபத்தைந்து வயதில் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் கடைத் தராசு ஞாபகம் வந்தது. நெசவாளிக்குப் பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பதும், நெய்து வந்த புடவையை எடை போட்டு வாங்குவதும் அதில்தான். அகலமான எவர்சில்வர் தட்டு, மேலே சிவப்பு எண்கள். மதியம் சாப்பாட்டு நேரம். மாமா உள்ளே படுத்திருந்தார், கன்னியப்பன் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். லட்டுவைத் தூக்கிப்போய்த் தட்டில் உட்காரவைத்தேன்.

தட்டு ஜில்லென்று இருந்ததோ என்னவோ, மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஆனால் வால் நிற்கவில்லை. வால் இந்தப் பக்கம் போனால் பத்துக்கு மேல், அந்தப் பக்கம் போனால் பத்துக்குக் கீழ். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், வாலைப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தால் என் கையின் எடையும் சேர்ந்து வந்தது. இந்த லட்சணத்தில் வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம். எங்களுக்கு நெய்து தரும் நெசவாளி, சேவூர் முருகேசன் அண்ணன், புடவையோடு சீக்கிரமே வந்துவிட்டார். லட்டுவை அள்ளிக்கொண்டேன். துப்பட்டாவால் தட்டைத் துடைத்தேன். ஒரு முடிகூட இல்லை என்று பார்த்துவிட்டுப் பெருமையோடு உள்ளே ஓடினேன்.

முடி இல்லைதான்.

முருகேசன் அண்ணன் கொண்டுவந்தது சந்தன நிறப் புடவை. உடல் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிபோலச் சின்னச் சின்ன வெள்ளி ஜரிகைப் புட்டா. மாமாவும், சாப்பிட்டுத் திரும்பிய கன்னியப்பன் அண்ணனும் தராசில் வைத்து எடை பார்த்தார்கள், சரியாக இருந்தது. அதே நேரம் கண்ணமங்கலத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து இறங்கினார்கள். கல்யாணப்பெண், அவள் அம்மா, ஒரு சித்தப்பா. புதுசாக வந்த புடவை என்று மாமா அதையே முதலில் விரித்தார். நான் காபி கொண்டுபோனேன்.

பெண்ணின் அம்மா புடவையைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "நல்லாதான் கீது. இந்த ஒரு புட்டா மட்டும் வரிசை தப்பி கீதே."

மாமாவின் முகம் மாறியது. "நம்ம கடையில அப்டி வராதுங்களே" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். உண்மையாகவே இரண்டு வரிசைக்கு நடுவில், கொஞ்சம் சாம்பல் நிறத்தில், மற்றதைவிடக் கொஞ்சம் புஷ்டியாக ஒன்று இருந்தது. மாமா முருகேசன் அண்ணனைப் பார்த்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அங்க நான் புட்டாவே போடலீங்க" என்றார்.

இழை ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று மாமா அதை நகத்தால் மெல்ல நெருடினார். புட்டா காலை நீட்டியது. பிறகு நிதானமாகக் கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்தது.

லட்டு படவேட்டு வாழைத்தோட்டத்தில் தனியாகக் கட்டிக் கிடப்பது எனக்குக் கண்முன்னே தெரிந்தது. "நான்தான் மாமா" என்றேன்.

"உண்ணிதானே இது" என்றாள் கல்யாணப்பெண், சாவகாசமாக. "எங்க டாமிக்கும் கீது. நாங்களும் பேஜாராயிட்டோம். அக்கா, நீங்க இன்னா மருந்து போட்றீங்க?"

அவ்வளவுதான். அவள் அம்மா பவுடர்தான் நல்லது என்றார். சித்தப்பா வேப்பெண்ணெய் என்றார். கன்னியப்பன் அண்ணன் வசம்பை ஆரம்பித்தார். உள்ளேயிருந்து வந்த அத்தை இன்னும் கொஞ்சம் வசம்பு சேர்த்தார். விரித்த புடவை விரித்தபடி கிடக்க, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள் தெள்ளுப்பூச்சி வரைக்கும் போய்விட்டார்கள். மாமா ஒவ்வொரு வாயாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையை உயர்த்தினார்.

"போதும். டாக்டரு இன்னாம்மா சொன்னாரு?"

"மாத்திரை, மாமா."

"வாங்கலியா?"

"எடை தெரியல மாமா."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நிறுத்துக் குடுக்கறதும் நிறுத்து வாங்கறதும்தான் நாப்பது வருஷமா எனக்குத் தொழிலு. என் வூட்ல நின்னுகினு எடை தெரியலன்னு சொல்றியே."

டாக்டர் சொன்ன பத்து கிலோக் கணக்கையும் தராசில் வால் ஆடிய கதையையும் அழுகையோடு சொன்னேன். "அதான் பீரோ மேல ஒரு மெஷின் கீதே" என்றார் அத்தை. பேட்டரி இல்லை என்று சொல்வதற்குள் கன்னியப்பன் அண்ணன் மாடிக்குப் போய் எடுத்துவந்து காலால் தட்டினார். அது துரோகியைப்போலப் பளிச்சென்று எரிந்தது.

லட்டுவைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன். கன்னியப்பன் அண்ணன் குனிந்தார். புடவை எடையை உள்ளே கணக்கு எழுதுபவருக்குக் கேட்கும்படி கத்திப் படிப்பது அவர் வழக்கம். நாய் எடைக்கு மட்டும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. "எழுபத்தி ஒம்பது" என்றார். லட்டுவை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஏறினேன். "அறுபத்தெட்டே கால்" என்றார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அத்தை என்னைப் பார்த்தார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த கார்த்தி கூரையைப் பார்த்தார். மாமா மட்டும் தொழில் மரியாதையோடு, "டப்பா எடை அறுபத்தெட்டே கால். கழிச்சா பத்தே முக்கால். பத்துக்கு மேல உள்ள மாத்திரைய வாங்குங்க" என்றார்.

டப்பா என்றால் நான். கடையில் எதை எடை போட்டாலும் அது இருக்கும் டப்பாவின் எடையைக் கழிப்பார்கள் இல்லையா, அந்த டப்பா.

கண்ணமங்கலத்துப் பெண் சிவப்பில் வேறொரு புடவை எடுத்தாள். மாத்திரையின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். முருகேசன் அண்ணன் போகும்போது என்னிடம் வந்து, "நாம நெய்யறது நகராதும்மா" என்று மட்டும் சொன்னார். நான் தலையைத் தூக்கவே இல்லை.

மாத்திரை கொடுத்தபின் உண்ணிகள் ஒழிந்தன. என் மானம் திரும்பி வரவில்லை. மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் நாளில் எடை பார்த்தே கொடுக்கவேண்டும் என்று மாமா சட்டம் போட்டுவிட்டார். கன்னியப்பன் அண்ணன் படிப்பார், வீடே கழிக்கும். சொந்தக்காரர்கள் என்னை டப்பா என்றே கூப்பிடுகிறார்கள். புதிதாக அறிமுகமாகிறவர்களுக்குக் காரணமும் சொல்கிறார்கள்.

போன பொங்கலுக்கு படவேட்டிலிருந்து பாலு மாமா வந்தார். தோட்டத்தில் பன்றித் தொல்லை தாங்கவில்லை, காவலுக்கு நாய் வேண்டும், லட்டுவைத் தருகிறீர்களா என்று கேட்டார். நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். லட்டு ஒன்றும் தெரியாமல் என் பாதத்தின் மேல் படுத்திருந்தது.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாய மட்டும் எப்டிடா தர்றது? டப்பாவோட சேத்துதான் நாங்க எடை போட்டுக்கினு கீறோம். பிரிச்சு குடுக்கறதில்ல" என்றார்.

பாலு மாமா சிரித்த சிரிப்பில் அந்த வாசகமும் ஊர் முழுக்கப் போய்விட்டது. இப்போது கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட லட்டுவையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டு, "பிரிச்சு குடுக்க மாட்டாங்களாமே" என்கிறார்கள். சொல்லட்டும். அன்றைக்கு நான் அடுப்படிக்குள் போய் நன்றாக அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அத்தை ஒன்றும் கேட்காமல் சூடாக இரண்டு போளியைத் தட்டில் வைத்தார். இரண்டையும் தின்றேன். டப்பா எடை ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும்.