நான் ரேடியோவில் அழவில்லை, அக்கா

ஆஷ்டபுலா துறைமுகம்,
டிசம்பர் 9

பெருமதிப்பிற்குரிய அக்கா ஐலிக்கு,

தம்பி ரெய்னோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கார்மெல்லாவும் சுகமாக இருக்கிறோம். ஃப்ளோரிடா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஏரிக்காற்று காதைப் பிய்க்கிறது. நிற்க.

உன் கடிதம் கிடைத்தது. "கார்மெல்லா உன்னை விட்டுப் போகிறாளாமே, நீ ரேடியோவில் அழுதாயாமே, நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இதெல்லாம் அழகா" என்று கேட்டிருந்தாய். உன் சர்ச் தோழி உன்னிடம் சொன்னதில் பாதி பொய். நான் அழவில்லை. கேரேஜில் ஹீட்டர் கெட்டுப்போயிருந்தது, அதனால் மூக்கு ஒழுகியது. மீதிப் பாதி எப்படி வந்தது என்பதை முறைப்படி எழுதுகிறேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் நிலக்கரி இறக்கும் துறைமுகத்தில் கிரேன் உச்சியில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தவன். கீழே இருப்பவனுக்குக் கையைக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம்தான். கார்மெல்லாவோ சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் அவள் ஏதாவது கேட்பாள், நான் "ம்" என்பேன். இன்னொன்று கேட்பாள், அதற்கும் "ம்". கொஞ்ச வருஷம் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு டெலிபோனைப் பிடித்துக்கொண்டாள். நம்ம ஊர் ரேடியோவில் தினமும் காலை ஒன்பது மணிக்கு நார்பர்ட் என்பவர் நேயர்களோடு பேசும் நிகழ்ச்சி நடத்துவார். ஒன்பது பத்துக்கு "துறைமுகத்துலேர்ந்து நம்ம கார்மெல்லா!" என்பார். இவள் சமையலறையில் நின்றுகொண்டு ரோட்டுப் பள்ளம், தக்காளிப் புழு, மேயர் என்று ஆரம்பித்து மெல்ல வீட்டு விஷயத்துக்கு வந்துவிடுவாள். நான் கேரேஜில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். பத்தொன்பது வருஷம், அக்கா! பழுப்பு சோபா அவளுக்கு முதுகில் குத்துகிறது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. பூட்ஸில் தண்ணீர் இறங்குகிறது என்பதும், ரெண்டு வருஷம் முன்னே எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் நெருங்கிவிட்டது என்பதும் அப்படித்தான். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சரிபண்ணிவிடுவேன். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பா. "தோணிச்சு"ன்னு சொல்லிடுவேன். வாயைத் திறக்காமலே மனசறிஞ்ச புருஷன்னு அவ தங்கச்சிங்க மத்தியில எனக்கு நல்ல பேரு.

செப்டம்பர் மாசம் ஒரு திங்கக்கிழமை வழக்கம்போல ரேடியோவைப் போட்டா, நார்பர்ட்டுக்குப் பதிலா பட்ச்னு ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தறான். "இனிமே இருபத்திநாலு மணி நேரமும் விளையாட்டு! விளையாட்டு! விளையாட்டு!" நார்பர்ட்டை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. கப்பல்ல திசைகாட்டியைப் பிடுங்கிட்டா எப்படியிருக்கும், அந்த மாதிரி. ஒரு வாரம் வீடு கம்முன்னு இருந்துச்சு. அவ காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு சமையலறைச் சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தா. ஆஹா, சுவத்துல ஒட்டியிருக்கற காகிதம் பிடிக்கலை போலன்னு நானா முடிவு பண்ணி, அவ கடைக்குப் போன நேரம் பாத்து ஒரு முழம் விடாம சுரண்டி எடுத்துட்டேன். திரும்பி வந்தவ, பையைக் கீழ வைக்காம அப்படியே நின்னா. "எங்கம்மா தேர்ந்தெடுத்துக் குடுத்தது ரெய்னோ, அது"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

மறுநாள் ஒன்பது பத்துக்கு ரேடியோல அவ குரல்! கேரேஜ்ல கையிலிருந்த ஸ்பேனரைக் காலுல போட்டுக்கிட்டேன்.

"அம்மா, இது விளையாட்டு நிகழ்ச்சிம்மா, தக்காளியெல்லாம் இங்க கிடையாது"ன்னான் பட்ச்.

"எனக்குத் தெரியும்டா தம்பி. நான் விளையாட்டைப் பத்திதான் பேச வந்தேன். நம்ம அணியில பந்தை வாங்கி மத்தவங்களுக்கு எறியணும்னு ஒருத்தன் இருக்கானே, அவனுக்கு என்ன வியாதி? பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மரமாட்டம் நிக்கறான். எதிர்ல ஆள் கையைத் தூக்கிக்கிட்டு, இந்தா நான் இருக்கேன், எறிடா எறிடாங்குது. இவன் எறிய மாட்டான்! கடைசில மேல வந்து விழுந்து அமுக்கிடறாங்க. யாருக்கு லாபம்?"

பட்ச் விழுந்து விழுந்து சிரிச்சான். "தினமும் கூப்பிடுங்கம்மா!"ன்னான். இவளும் கூப்பிட்டா. ஊரே காது குடுத்துக் கேக்க ஆரம்பிச்சுது. நானோ நூலகத்துலேர்ந்து, பந்தைக் கையால எறியற நம்ம அமெரிக்கக் கால்பந்தோட விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வந்து, ஒரு வரி விடாம படிச்சேன். ஏன்னா அது யாரைப் பத்தின பேச்சுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. பந்தை அணைச்சுக்கிட்டு நிக்கற மரம் யாரு? நான்தான். "அவனுக்கு பயம், வேற ஒண்ணுமில்லை"ன்னா ஒரு நாள். "நல்ல பையன்தான், ஆனா எத்தனை வருஷம் காத்திருக்கறது"ன்னா இன்னொரு நாள். நவம்பர் ரெண்டாவது வாரம், ஒரு செவ்வாக்கிழமை, தெள்ளத்தெளிவா சொல்றா: "போதும் பட்ச். இந்த சீசனோட அவனை அனுப்பிட்டுப் புது ஆளைப் பாக்க வேண்டியதுதான்."

ரோசெஸ்டர்ல அவ தங்கச்சி வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு, அது எனக்குத் தெரியும். கேரேஜ் டெலிபோனும் சமையலறை டெலிபோனும் ஒரே லைன்; எடுத்தா, அவ இன்னும் லைன்ல இருக்கா, அவ மூச்சு எனக்குத் தெளிவாக் கேக்குது. வெச்சேன். செல்போனைத் தேடி எடுத்து அந்த நம்பரைப் போட்டேன். அவ வெச்ச அடுத்த நிமிஷம், "அடுத்து லைன்ல யாரு?"ங்கறான் பட்ச்.

"துறைமுகத்துலேர்ந்து ரெய்னோ"ன்னேன். அதுக்கு மேல வார்த்தை வரலை. அரை நிமிஷம் மௌனம். ரேடியோல அரை நிமிஷம்ங்கறது எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியாதுக்கா.

"ஐயா, இருக்கீங்களா?"

"கார்மெல்லா, போயிடாதே"ன்னேன். "நான் பேசறேன். சோபா, பூட்ஸ், கல்யாண நாள் எல்லாம் எனக்குத் தானாத் தோணலை. பத்தொன்பது வருஷமா நீ ரேடியோல சொன்னதைக் கேட்டுத்தான் செஞ்சேன். உன்கிட்டயே கேக்கத் தெரியலை. பந்தை எறியறேன். எங்க எறியணும்னு மட்டும் சொல்லு." அப்பதான் அந்த மூக்கு விஷயம் நடந்துச்சு.

கேரேஜ் கதவு திறந்துச்சு. ஏப்ரனோட நிக்கறா. "ஏ மனுஷா, நான் அந்த எறியற பையனைத்தான் சொன்னேன்!"

"என்னை இல்லையா?"

"முதல் ரெண்டு வாரம் உன்னைத்தான் சொன்னேன். அப்புறம் அந்த ஆட்டமே எனக்குப் பிடிச்சுப்போச்சு. நிஜமாவே அவன் சரியில்லை ரெய்னோ, நீயே சொல்லு."

"அப்ப நான் ரேடியோ கேக்கறது..."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் வருஷத்துலேர்ந்து. கேரேஜ் சுவர் ஒண்ணும் கோட்டைச் சுவர் இல்லை. உலகத்துல எந்தப் பொம்பளையாவது மேயரைத் திட்டறதுக்கு நடுவுல தன் பூட்ஸ் அளவைச் சொல்வாளா? எட்டரை, அகலம்னு ரெண்டு தடவை சொன்னேனே, நார்பர்ட்டுக்கா சொன்னேன்?"

பட்ச் போன்ல "அம்மா, சத்தமாப் பேசுங்க, சரியாக் கேக்கலை"ங்கறான். அவ என் கையிலிருந்து போனை வாங்கி கட் பண்ணினா. "இப்ப சொன்னியே, அதை மறுபடி சொல்லு. எனக்கு மட்டும்"னா. சொன்னேன். என்ன சொன்னேன்னு உனக்கு எழுத மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான் அக்கா. இதற்கிடையில் பேச்சு நிகழ்ச்சி போனதில் கோபப்பட்டு ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்க, போன வாரம் ரேடியோக்காரர்கள் பட்ச்சை அனுப்பிவிட்டு நார்பர்ட்டைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆட்டம் போயிற்றே என்று கார்மெல்லா மூன்று பக்கம் கண்டனக் கடிதம் எழுதினாள். மற்றபடி எங்களுக்கு இனி எந்த ரேடியோவும் தேவையில்லை. தினமும் காலையில் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, காப்பியும் ஏலக்காய் ரொட்டியுமாக வாயால் பேசிக்கொள்கிறோம். நேற்று நான் மட்டும் ஏழு நிமிஷம் பேசினேன். எனக்கு வேண்டியதெல்லாம் இனி அவளிடமே நேராகக் கேட்டுக்கொள்வேன்.

உன் வீட்டார் அனைவருக்கும் என் அன்பு. உன்னைக் கடவுள் நல்ல உடம்போடு வைத்திருக்கட்டும்.

என்றும் உன் கீழ்ப்படிந்துள்ள தம்பி,
ரெய்னோ லாக்சோ

பி.கு.: கடிதத்தை மேசைமேல வெச்சுட்டு தபால்தலை வாங்கக் காரை எடுத்தேன். பழக்க தோஷத்துல ரேடியோவைப் போட்டா, "துறைமுகத்துலேர்ந்து கார்மெல்லா! எங்கம்மா போயிட்டீங்க இத்தனை நாளா?"ங்கறார் நார்பர்ட். "என் வீட்டுக்காரர் அவங்க அக்காவுக்குக் கடிதம் எழுதியிருக்கார், படிக்கட்டுமா?"ன்னா. முதல் வரியிலேர்ந்து படிச்சா. "ஹீட்டர் கெட்டுப்போகலை, நேயர்களே, நல்லாத்தான் ஓடிச்சு"ன்னு திருத்தம் வேற. தபால் நிலையத்துலயும் அதே ரேடியோதான் ஓடிச்சு, அங்க இருந்த எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க. நான் தபால்தலையோட திரும்பி வர்றப்போ, கடைசில, "கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும், அது என்னன்னா"ன்னு ஆரம்பிச்சா. அதே நேரம் கார் தூக்குப்பாலத்து இரும்புக்கடியில நுழைஞ்சுது. கரகரன்னு இரைச்சல், ஒரு எழுத்து காதுல விழலை. வெளிய வந்தப்போ நார்பர்ட் வானிலை சொல்லிக்கிட்டிருந்தார். அவகிட்டயே கேக்கலாம்னு வீட்டுக்கு வந்து மேசையில உக்காந்தேன். "கேட்டியா?"ன்னா. "ம்"னேன். அக்கா, உடனே அவளுக்கு ஒரு போன் போட்டு, சும்மா விசாரிக்கற மாதிரி விசாரிச்சு, அது என்னன்னு எனக்கு எழுது. அளவும் கேட்டுக்கோ.