அடித்தவர் யார் என்பது பரிசீலனையில் உள்ளது

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் பக்கத்துக் குத்துச்சண்டைகளுக்கு இருபத்திரண்டு வருஷம் நடுவராக நின்றவர் மிக்கேல்ராஜ். முழங்கால் போனதும், சண்டையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் வேறு யாருமில்லை என்ற ஒரே தகுதியை உத்தேசித்து, உள்ளூர் கேபிள் டிவி அவரை வர்ணனையாளராக எடுத்துக்கொண்டது. அதுவும் சோதனைக்குத்தான். வேலை நிலைக்க வேண்டுமானால் விளையாட்டுக் கமிட்டித் தலைவர் பெரியமுத்து கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் நாள் மேலே கோட்டும் கீழே கைலியுமாகக் கிளம்பினார்.

"இது என்ன கோலம்?" என்றாள் மனைவி சிசிலி.

"கேமராவுல இடுப்புக்கு மேலதான் தெரியும் புள்ள. டிவிக்காரவுக எல்லாம் இப்படித்தானாம்."

முதல் ரவுண்டு முடிந்தது. மனுஷன் வாயே திறக்கவில்லை. சத்தம் வரவில்லை என்று பக்கத்து ஊர் சித்திரபுரத்திலிருந்து போன்மேல் போன். சேனல் நடத்தும் ஜோபி ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, ஏதாவது பேசுங்க!"

"அடிச்சவன் பேரச் சொன்னா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிரும்லா?"

"அப்ப அடி வாங்கினவன் பேரச் சொல்லுங்க."

"அவன் அம்மா டிவி பாத்துக்கிட்டு இருப்பாளேடே!"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். "வலது கையால் ஓர் அடி விழுந்துள்ளது. அடித்தவர் யார் என்பது பரிசீலனையில் உள்ளது. வீரர்களில் ஒருவர் தற்போது படுத்த நிலையில் இருக்கிறார்."

விருந்தினர் வரிசையிலிருந்து கேட்ட பெரியமுத்துவுக்குப் புல்லரித்துவிட்டது. முப்பது வருஷம் ஆபீஸில் மனுக்களுக்கு அவர் எழுதிய பதிலெல்லாம் இதே அழகுதான். கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தவர், அதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசுவோமே என்று குத்துச்சண்டை மேடையில் ஏறினார். நாலு வார்த்தை நாற்பது நிமிஷம் போனது. திடீரென்று கால் கயிற்றில் சிக்கி, தடாலென்று விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினால் நடுநிலை போச்சு. தூக்காவிட்டால் வேலை போச்சு. மிக்கேல்ராஜ் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. அதற்குள் விழுந்தவனுக்குப் பத்து எண்ணிப் பழகின வாய் முந்திக்கொண்டது. கைலி ஊருக்கே தெரிய எழுந்து நின்று மைக்கில் எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..."

எண்ணும்போது விழுந்தவரைத் தொடக்கூடாது என்பது எஸ்டேட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். டாக்டர்கூட அசையவில்லை. பத்து வந்தால் பேச்சு முடிந்தது என்ற நினைப்பே சனத்துக்கு இனித்தது. நாலிலிருந்து மொத்தக் கூட்டமும் கைதட்டிக்கொண்டே சேர்ந்து எண்ணியது.

எட்டில் பெரியமுத்து எழுந்துவிட்டார்.

விதிப்படி மிக்கேல்ராஜ் கேட்டார்: "தொடர முடியுமா?"

"முடியும்!" என்றார் தலைவர். இன்னும் முக்கால் மணி நேரம் தொடர்ந்தார். பிறகு கையெழுத்தும் போட்டார்.

மைதான வாசலில் மிக்கேல்ராஜை ஊரே திரண்டு மறித்தது. சிசிலிதான் முன்னால் நின்றாள். "ஏங்க, சட்டுனு பத்த எண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நான் ஒழுங்காத்தான் எண்ணினேன். அவரும் அப்படியே கெடக்கலாம்னுதான் இருந்தாராம். 'சனம் இப்படிக் கைதட்டுனா ஒருத்தன் எப்படிய்யா படுத்துக் கெடப்பான்?'னு எங்கிட்டயே சொன்னாரு."

கூட்டம் அத்தனையும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"யாருவே தட்டுனது?" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம்.

மிக்கேல்ராஜ் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "தட்டியவர்கள் யார் என்பது பரிசீலனையில் உள்ளது."