வெள்ளைப் பூ எந்தப் பரீட்சைக்கு?

குருக்கள் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளைப் பூ.

மடவார் வளாகத்துச் சன்னதியில் நின்ற சிவபாண்டிக்குப் பாரம் இறங்கியது. மகள் சத்யப்பிரியா பெங்களூர்க் கல்லூரியில் சேர 'சாட்' என்ற நுழைவுப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியிருந்தாள். முதல் தடவை கணக்கில் மதிப்பெண் அள்ளினாள். அடுத்த தடவை இங்கிலீஷில். கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை அனுப்புவது? "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒண்ணைச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டாள். இன்று கடைசி நாள். தப்பாக அனுப்பினால் சீட்டு போய்விடும்.

பேசுவதில்தான் சிக்கல். மச்சான் வீட்டுப் பால்காய்ப்புக்கு அவர் போகாததிலிருந்து மனைவி மாரியாத்தாள் அவரிடம் பேசுவதில்லை. சோறு ஆகிவிட்டது என்பதும் குழம்பில் உப்பில்லை என்பதும் மகள் வழியாகவே போய்வந்தன. அதனால்தான் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக்கி, எது வருகிறதென்று பூக்கட்டிப் பார்க்க வந்தார்கள். சாமி சொல்லிவிட்டால் பேச வேண்டியதில்லை.

"அப்ப முதல் பரீட்சைதான்" என்றார் சிவபாண்டி, தூணைப் பார்த்து.

மாரியாத்தாளும் அதே தூணிடம் சொன்னாள். "வெள்ளை ரெண்டாவதுக்குல்லா."

அவரவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டதோடு சரி. யாரும் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

ஒரு விஷயத்தை ஒரே சாமியிடம் இரண்டு தரம் கேட்கக் கூடாது என்று குருக்கள் உள்ளே போய்விட்டார். பைக் மம்சாபுரம் காளியம்மன் கோயிலுக்குத் திரும்பியது. அங்கே பூசாரி இருளப்பசாமி எடுத்துப் பிரித்த பொட்டலத்தில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தே இருந்தன. இன்னொன்றில் ஒன்றுமில்லை. சிவபாண்டி சிவப்பை வைத்த இலையிலேயே மாரியாத்தாளும் போய் வெள்ளையை வைத்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

பூசாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. ஆத்தா என்ன செய்வா?"

ராஜபாளையம் சாலையில் ஏறி வெகுநேரம் கழித்து, அவர் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"கணக்கையே அனுப்புங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பைக் ஒருமுறை ஆடி நேரானது. "இல்லட்டி, இங்கிலீசு. நீ காரணமில்லாம சொல்லமாட்ட."

"நான் வெவரம் இல்லாம சொன்னேன்."

"நான் மட்டும் எம்புட்டு வெவரம்?"

இப்போது அவர் இங்கிலீஷுக்கும் அவள் கணக்குக்கும் சண்டை. விட்டுக்கொடுப்பதில் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியே கத்திக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தார்கள். கடையை மூடப்போன சென்டர்க்காரன் கௌதம்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு, சண்டையைத் திருப்தியாகக் கேட்டான்.

"தம்பி, ரெண்டுல எதையாவது அனுப்பு. நேரமாச்சு" என்றார் சிவபாண்டி.

"ரெண்டையும் சேத்தே அனுப்பலாம் அண்ணாச்சி, போன வாரமே ரெண்டும் போயிட்டு. 'நான் பெங்களூர் போயிட்டா அவிய ரெண்டு பேரும் நேருக்குநேர் பேசித்தான ஆகணும், பேசிப் பழகுற வரைக்கும் சொல்லாதீங்கண்ணே'ன்னு பாப்பாதான் சொல்லிட்டுப் போச்சு."