ரெங்கத்துத் தேக்குக் கப்பல்

புதிய பொருளை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். பழைய பொருளைப் புதிதாகச் செய்வதற்குத்தான் ஒரு சமுதாயத்துக்கு முதிர்ச்சி வேண்டும். அந்த முதிர்ச்சியை மலேசியாவில் உள்ள எங்கள் ரெங்கம் சென்ற ஆண்டு மார்ச் மாதம், கோயில் மண்டபத்தில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு அடைந்தது. நான் அங்கே இருந்தேன். பின்வரிசையில்.

என் கணவர் ஐயாசாமி முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாளி வார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகாவது பிளாஸ்டிக்கை விடுவார் என்று நினைத்தேன். மறுவாரமே ஜொகூர் பாருவுக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் எண்ணூறு பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டினால் மூன்று பாய்மரம் வைத்த கப்பல்.

ஒட்டுவதற்கு ஒரு மாதம் போதும். அதை மரமாக்குவதற்குத்தான் அவருக்கு ஐந்து மாதம் ஆகும். முதலில் ஊசியால் ஒவ்வொரு பலகையிலும் மர ரேகை கீறுவார். அதன்மேல் வெளிறிய பழுப்பு. அது காய்ந்ததும் கோப்பி நிறத்தில் எண்ணெய்ச் சாயத்தை முழுக்கப் பூசி, காய்வதற்குள் என் பழைய சேலைத் துணியால் துடைத்துவிடுவார். கீறலில் மட்டும் கருமை தங்கும். கடைசியில் தூரிகையைக் காகிதத்தில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறத்தை ஓரங்களில் தடவுவார்.

"வெயிலும் உப்புத் தண்ணியும் பட்ட மரம் ஓரத்துலதான் மொதல்ல நரைக்கும், கஸ்தூரி."

"ஒங்க காதோரம் மாதிரியா?"

"அது வேற. அது ஒன்னைக் கட்டிக்கிட்டதால வந்தது."

நான்காவது கப்பலை முடித்த வாரத்தில் இதயம் நின்று போய்விட்டார். ஒவ்வொரு பூச்சுக்கும் காய்வதற்கு நேரம் கொடுத்த மனிதர், எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

அவர் வார்த்த லட்சக்கணக்கான வாளிகளின் அடியில் கம்பெனியின் பெயர் இருந்தது. அவர் பெயரோ மின்சார பில்லிலும் இறப்புச் சான்றிதழிலும் மட்டுமே அச்சாகியிருந்தது. ஏதாவது ஒன்றின்மேல் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதிகப்படியான ஆசைதான்.

மூன்று மாதம் கழித்து 'முன்னோர் நினைவுக் கூட அமைப்புக் குழு' காட்சிக்கு வைக்கப் பழம்பொருள் தேடி என் வீட்டுக்கு எழுந்தருளியது. தலைவர் ராஜசேகரன், காப்புறுதி முகவர், எங்கள் வரிசையிலேயே நான்கு வீடு தள்ளி. செயலாளர் லோஷினி, வாரம் ஐந்து நாள் சிங்கப்பூரில் வேலை, சனி ஞாயிறு பாரம்பரியம். மூன்றாமவர் செல்லப்பன், பலகை ஆலையில் லாரிக்குச் சீட்டு எழுதியவர். ஆகவே 'மர வல்லுநர்'.

"நம்ம வாளிக்காரர் வூடுதானே இது?" என்றபடி நுழைந்த தலைவர், அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார். "அலமாக்! என்னா கப்பல் இது!"

செல்லப்பன் அந்த நான்காவது கப்பலைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"தேக்கு. எண்ணெ வாசம் அடிக்குது பாருங்க. நூறு வருசத்துக்குக் கொறையாது."

"பிளாஸ்டிக்குங்க. எங்க வீட்டுக்காரர் பெயிண்ட் அடிச்சது" என்றேன்.

மூவரும் என்னைக் கனிவோடு பார்த்தார்கள். துக்கத்தில் இருக்கும் பெண்ணை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

"ரொம்ப லேசா இருக்கே அங்கிள்?" என்றாள் லோஷினி.

"நூறு வருசத்துல உள்ள இருந்த ஈரமெல்லாம் காஞ்சிருச்சு லா" என்றார் செல்லப்பன்.

"பக்கத்துல ஓட்டை ஓட்டையா இருக்கே?"

"அது பீரங்கிக்கு" என்றேன்.

"சன்னல்" என்று தலைவர் திருத்தினார். "நம்ம ஆளுங்க காத்து வாங்க வேணாமா? அவ்வளவு பேரு வந்தாங்களே!"

தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஒரு தோட்டத் தொழிலாளி, பயணத்தின் நினைவாகச் செதுக்கியது என்று பத்து நிமிடத்தில் முடிவாயிற்று. அறிவு இவ்வளவு வேகமாக வேலை செய்வதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரே ஒரு நிபந்தனையோடு கப்பலைக் கொடுத்தேன்: அட்டையில் ஐயாசாமி என்று எழுத வேண்டும்.

"கொள்கை அளவில சம்மதம்" என்றார் தலைவர். "நோட் பண்ணிட்டேன் அக்கா" என்றாள் லோஷினி.

அந்தக் குறிப்பு மூன்று கூட்டங்களில் பரிசீலிக்கப்பட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு நானே போனேன். அட்டை ஏற்கெனவே தயாராக இருந்தது: 'பெயர் அறியா முன்னோர் ஒருவர் செதுக்கியது.'

"பேரு அறியாதவரா? நாந்தான் சொன்னேனே!"

"கோவிச்சுக்காதீங்க அக்கா" என்றார் தலைவர். "பேரு போட்டா அது பொழுதுபோக்கு. பேரு இல்லன்னாத்தான் பாரம்பரியம். ஒரு ஆளு பேரைப் போட்டா ஒங்க குடும்பத்துக்கு மட்டும்தான் பெருமை. போடலன்னா எல்லாருக்கும் பெருமை. யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். பிறகு பையிலிருந்து, அந்தக் கப்பலின் துண்டுகள் வந்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். மூடியில் அதே கப்பலின் படம். பக்கத்தில், பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உகந்தது என்ற அறிவிப்பு. செல்லப்பன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"பாத்தீங்களா அநியாயத்த! நம்ம முன்னோர் செஞ்ச கப்பலைப் பாத்து, எவனோ பிளாஸ்டிக்குல அடிச்சு விக்கிறான்!"

அந்த வெளிநாட்டு நிறுவனத்தைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பெட்டி 'ஆதார'மாகக் கைப்பற்றப்பட்டது. எனக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு கிளாஸ் தே தாரேக் கொடுத்தார்கள்.

ஆராய்ச்சியை ஆராய்ச்சியால்தான் எதிர்கொள்ள முடியும் என்று அன்று புரிந்துகொண்டேன். திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, தூசு தட்டித் தருகிறேன் என்று சொல்லிக் கப்பலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவருடைய ஊசியால் பின்புறப் பலகையில் நான்கு எழுத்துகளைக் கீறினேன். கோப்பி நிறத்தைப் பூசினேன். துடைத்தேன். காயட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் ஒருமுறை அழவும் நேரம் இருந்தது. பிறகு ஓரங்களில் சாம்பல் நிறம், ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல். என் கை அவர் கை அல்ல. 'சா'வின் கால் கொஞ்சம் கோணிவிட்டது.

விழா அன்று காலையில் செல்லப்பன் பூதக்கண்ணாடியோடு கூவியது மடைப்பள்ளி வரை கேட்டது.

"தலைவரே! எழுத்து! எழுத்து இருக்கு!"

"என்னா எழுத்து?"

"ஐ... யா... சா... மி! ஐயாசாமி! 'சா'வோட காலைப் பாருங்க, கோணலா இருக்கு. அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்க!"

லோஷினி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். புதிய அட்டை எழுதப் போனாள். மேடையில் தலைவர் குரல் தழுதழுத்தது. "எங்க தாத்தாவோட அப்பா பேரு ஐயாசாமின்னு நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன். இன்னிக்கு அவரோட கை பட்ட பொருளைப் பாக்குற பாக்கியம்..." கப்பலுக்கு மாலை போட்டார்கள். சூடம் காட்டினார்கள், நல்லவேளையாகத் தள்ளி நின்று. 'செதுக்கியவர்: ஐயாசாமி' என்ற அட்டை கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

சாப்பாட்டுப் பந்தியில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னான்னு சொன்னீங்க?"

"ஐயாசாமி."

"பாத்தீங்களா! எவ்வளவு பெரிய மனுசன் பேர அவருக்கு வச்சிருக்காங்க!"

எங்கள் சமுதாயம் உழைத்தவர்களை மறப்பதில்லை. அவர்கள் செத்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். என் கணவருக்கு அந்த நூறு ஆண்டை நான் ஒரே பிற்பகலில், இரண்டு பூச்சில் முடித்துக் கொடுத்துவிட்டேன். தலைவருக்கு நான்கு வீடு தள்ளி முப்பது ஆண்டு வாழ்ந்தும் என் கணவரால் முடியாத காரியம்.